கம்பம் பள்ளத்தாக்கில் இளைஞர்களுக்கான போதை மீட்புச் சிகிச்சை

மேகமலைக்கும் இடுக்கி மலைகளுக்கும் நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் தேனி மாவட்டப் பள்ளத்தாக்கில், குடிக்கோ கஞ்சாவுக்கோ பழகிய பிள்ளையை வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் சில மாதம் விட்டுவருவதுதான் சிகிச்சை என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது சிகிச்சையின் ஒரு துண்டுதான். வீட்டுக்குப் பக்கத்தில், மாதக்கணக்கில் தொடரும் புறநோயாளி சிகிச்சையே இளைஞர்களுக்கு முதுகெலும்பு. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார். எட்டும் தூரத்தில் சிகிச்சை இல்லாதவரை இந்தக் கணக்கு மாறாது.

மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டிய கட்டம் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை வரை போகலாம்; உயிருக்கே ஆபத்து. தயமின் ஊசியும் தூக்க மருந்து வகை மாத்திரைகளும் அதைக் கடக்க உதவும். ஆனால் இது உடலைத் தேற்றுவது மட்டுமே. பிறகு மது ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் பெரியவர்களுக்கு உண்டு. கஞ்சாவுக்கு அப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. அங்கே ஆலோசனையும் குடும்பத்தோடு பேசுவதுமே மருந்து, அவை ஒரு வாரத்தில் முடிவதில்லை.

கூட்டாளிகளிடமிருந்து பிரிக்காமல் எப்படி மீட்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பிரித்துவைத்த பையன் திரும்பி வருவது அதே தெருவுக்குத்தான். அங்கே "வேண்டாம்" என்று சொல்லும் பழக்கத்தை அங்கேயே பழக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியாக, பெற்றோரோ பொறுப்பாளரோ உடனிருக்க வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். கேட்காமலே பூட்டிவைக்கும் இடங்களைத் தேடிப்போகும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். போலீஸ் பயமும் பலரைத் தடுக்கிறது. சிறிதளவு கஞ்சா வழக்கில் சிக்கிய அடிமை, அரசு அங்கீகரித்த மையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

2025-இல் தமிழக அரசு 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்தது நல்ல தொடக்கம். ஆனால் தூரம் இங்கே இன்னும் தடைதான்: க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு ஒரு முறை போய்வருவது ஒருநாள் கூலி. 14446, 14416 தொலைபேசி உதவி எண்கள் இடைவெளியை ஓரளவு நிரப்பும். கம்பம், போடி அரசு மருத்துவமனைகளில் ஜீப் திரும்பும் மாலை நேரத்தில் ஆலோசகர் ஒருவர் இருந்தால் மீதியும் நிரம்பும்.