கட்டணமில்லா வாயில்: பர்க்கன்ஹெட் பூங்கா உருவான வழி

1801-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்க்கன்ஹெட்டில் வாழ்ந்தவர்கள் 110 பேர். மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல் துறைமுகம் பெருத்துக்கொண்டிருக்க, எதிர்க்கரையில் பழைய துறவி மடத்தின் இடிபாடுகளும் சில வீடுகளுமே இருந்தன. 1817-இல் நீராவிப் படகுப் போக்குவரத்து தொடங்கியதும் இந்த நிலை மாறியது. 1824-இல் வில்லியம் லேர்டு அங்கே கொதிகலன் பட்டறை அமைத்தார்; அதிலிருந்து கப்பல் கட்டும் தொழில் கிளைத்தது. 1841-இல் எண்ணாயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகை அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய 24,000 ஆனது. இவ்வளவு சிறிய, இவ்வளவு புதிய ஊர் உலகப் பூங்கா வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது எப்படி? வடிவமைப்பாளரின் திறமையையே பலரும் விடையாகச் சொல்கிறார்கள். பூங்காவுக்கான பணம் வந்த வழியையும் அதற்கு இணையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழில் நகரங்களில் உழைப்பாளிகள் காலாற நடக்க இடமில்லை என்பதை 1833-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொது நடைவெளிகள் குழு பதிவு செய்தது. குறை தெரிந்துவிட்டது, செலவை யார் ஏற்பது என்பது தெரியவில்லை. டார்பி நகரின் அனுபவம் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஆலை அதிபர் ஜோசப் ஸ்ட்ரட், ஜான் கிளாடியஸ் லவுடனைக் கொண்டு 11 ஏக்கரில் மரத்தோட்டம் அமைத்து 1840-இல் நகருக்கு அளித்தார். கொடை பெரியது, ஆனால் பராமரிப்புக்கான மூலநிதி அதனுடன் வரவில்லை. ஆகவே ஞாயிறும் புதனும் மட்டுமே இலவசம், மற்ற நாள்களில் கட்டணம் என்று ஏற்பாடானது. கட்டணம் முற்றாக நீங்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைநாள் முழுவதும் ஆலையில் கழித்தவருக்குப் புதன்கிழமை இலவசத்தால் என்ன பயன் இருந்திருக்கும்! மான்செஸ்டரும் சால்ஃபோர்டும் வேறு வழியில் போயின. 1846-இல் அங்கே திறக்கப்பட்ட மூன்று பூங்காக்களும் பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் எழுந்தவை.

பர்க்கன்ஹெட்டில் நகர மேம்பாட்டு ஆணையர்கள் துணிந்து ஒரு புதுவழியில் இறங்கினர். 1843-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக, பொதுப் பணத்தில் நிலம் வாங்கிப் பூங்கா அமைக்கும் அதிகாரத்தைப் பெற்றனர். நகர மக்களின் இலவசப் பொழுதுபோக்குக்கென 70 ஏக்கருக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அவர்கள் வாங்கியது 226 ஏக்கர். பூங்காவுக்கு ஒதுக்கியது 125 ஏக்கர். எஞ்சிய நிலத்தைப் பூங்காவைச் சுற்றி வீட்டுமனைகளாக வகுத்து விற்று, செலவை மீட்பதே திட்டம். பசுமையைப் பார்த்தபடி வாழ விரும்பும் வசதி படைத்தோர் தரும் மனைவிலை, கப்பல் தளத் தொழிலாளியும் நுழையும் தோட்டத்துக்கு ஈடாக வேண்டும். இதில் நகரத்தின் நல்லெண்ணமும் நில வணிகமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதைக் காரணம் காட்டி இத்திட்டத்தைச் சிறுமைப்படுத்துவது சரியன்று என்றே கருதுகிறேன். திறந்த முதல் நாளிலிருந்தே எவரும் காசு கொடுக்காமல் உள்ளே போக முடிந்தது இந்தக் கணக்கால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பர்க்கன்ஹெட்டை ‘உலகின் முதல் பொதுப் பூங்கா’ என்று சொல்லிவிடுவது பிழை. பிரெஸ்டன் நகராட்சி 1833-இலேயே தன் பொதுநிலத்தை வளைத்து மூர் பூங்காவுக்கு வித்திட்டிருந்தது. சட்டத்தின் அனுமதியோடு, பொதுப் பணத்தில் நிலம் வாங்கி, திட்டமிட்டு வடிவமைத்த பூங்கா என்ற அளவில்தான் பர்க்கன்ஹெட்டின் முதன்மை நிற்கும்.

வடிவமைப்புப் பொறுப்பு, டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வர்த் மாளிகைத் தோட்டத் தலைவரான ஜோசப் பாக்ஸ்டனிடம் வந்தது. பின்னாளில், 1851-இல், லண்டனில் பளிங்கு மாளிகையை எழுப்பியவர் இவரே. கிடைத்த நிலமோ தட்டையான களிமண் சதுப்பு. முதல் வேலை வடிகால். இரண்டு ஏரிகளை வெட்டி, வெட்டிய மண்ணைக் கரைகளில் மேடுகளாகக் குவித்து, தட்டை நிலத்துக்கு ஏற்ற இறக்கம் தந்தார்கள். ஏரிகளின் கரை வளைந்து நெளிந்து போவதால் எங்கே நின்றாலும் மறுகோடி தெரியாது. குறைந்த பரப்பையும் பரந்ததாகக் காட்டும் உத்தி இது. குதிரை வண்டிகளுக்கு வெளிப்புறம் சுற்றிவரும் சாலை, நடப்போருக்கு உள்ளே தனிப் பாதைகள் என்று பிரித்ததும் குறிப்பிடத்தக்கது. களத்தில் நின்று வேலையை நடத்தியவர் எட்வர்ட் கெம்ப். சாட்ஸ்வர்த்தில் பாக்ஸ்டனிடம் பயின்ற இவருக்குப் பூங்கா வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. பெருவாயிலுக்கும் படகுத்துறை மண்டபத்துக்கும் லூயிஸ் ஹார்ன்புளோவர், ஜான் ராபர்ட்சன் ஆகியோரின் பங்களிப்பு சேர்ந்தது.

1847 ஏப்ரல் 5 அன்று, நகரின் புதிய கப்பல்துறையும் பூங்காவும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. சம்பாதிக்கும் இடத்தையும் ஓய்வெடுக்கும் இடத்தையும் நகரம் ஒன்றாகவே கொண்டாடியது. ஆனால் அதே ஆண்டு பிரித்தானியாவைப் பணநெருக்கடி சூழ்ந்தது. பூங்காவைச் சுற்றியிருந்த பல மனைகளில் வீடு எழப் பல ஆண்டுகள் ஆயின.

1850-இல் அமெரிக்கரான ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் இவ்வூர் வழியாகச் சென்றார். புதிய பூங்காவைப் பார்க்காமல் போகக்கூடாது என்று அவரை வற்புறுத்தியவர் ஊரின் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர். தம் பயணநூலில் ஓம்ஸ்டெட் வியந்தது தோட்டக்கலையை மட்டுமன்று. எல்லாத் தரப்பு மக்களும் ஏறத்தாழச் சமமாக அதை அனுபவிப்பதையும்தான். ரொட்டிக் கடைக்காரர் அதைத் தம் சொந்தச் சொத்தைப் போலப் பெருமையோடு பரிந்துரைத்தது, பொதுப் பணம் உண்டாக்கிய உரிமையுணர்வுக்கு ஒரு சான்று. 1858-இல் ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் நியூயார்க் மத்தியப் பூங்காவுக்கு அளித்த திட்டத்தில், பாதைகளைப் பிரிக்கும் முறை இன்னும் விரிந்தது. அப்பூங்காவின் நிலச்செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, மதிப்பு உயரப்போகும் அக்கம்பக்க நிலங்களின் உடைமையாளர்களிடமிருந்தே வசூலித்தார்கள். இது பர்க்கன்ஹெட்டைப் பின்பற்றியதன்று. தெருக்கள் அமைக்க நியூயார்க் முன்பே கையாண்ட முறை. எனினும் இரு நகரங்களும் ஒரே உண்மையைக் கண்டிருந்தன: பூங்கா பக்கத்து நிலத்தின் விலையை ஏற்றும், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு பொதுக்கணக்குக்குத் திரும்பலாம்.

மனை விற்பனை நிலத்தின் விலைக்கு வழிசெய்யலாம். ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவுக்கு அதில் நிரந்தர வழி இல்லை. டார்பியைத் தொடக்கத்திலேயே பிடித்த சிக்கல் பர்க்கன்ஹெட்டை மெல்ல வந்தடைந்தது. 1974-இல் பர்க்கன்ஹெட் ‘விர்ரல்’ (Wirral) பெருநகர ஆட்சிப் பகுதியில் இணைந்தது. பூங்காவைப் பெரிய அளவில் சீரமைக்கும் பணி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நடந்தது. அதற்குப் பாரம்பரிய லாட்டரி நிதி துணைநின்றது. 2023-இல் பிரித்தானிய அரசு இப்பூங்காவை உலகப் பாரம்பரியத் தகுதிக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. வாயிலில் இன்றும் நுழைவுச் சீட்டு இல்லை.