ஈப்போவில் நடந்து பார்க்க: ‘டி.ஆர். பார்க்’ யார் பெயர்?

ஈப்போவை நடந்தே சுத்திப் பார்க்கணுமா? கிந்தா ஆற்றங்கரையில் தொடங்குங்க. ஆற்றுக்கு மேற்கே பழைய நகரம், கிழக்கே புதிய நகரம். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களின் மண்ணைச் சுமந்து ஓடிய ஆறு இது. இப்போது அதன் கரையில் நடைபாதை இருக்கிறது.

அடுத்து, புதிய நகரம் பக்கம் உள்ள ‘டி.ஆர். பார்க்’. முழுப் பெயர் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா, முன்பு ‘கொரோனேஷன் பார்க்’.

யார் இவர்? ஈப்போ வழக்கறிஞர். 1953-இல் உருவான பிபிபி கட்சியின் நிறுவனர்களில் ஒருவர். 1969-இல் இறக்கும்போதும் ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர்.

இரண்டு எழுத்தாகச் சுருங்கினால், ஆளே மறந்துபோவார். அடுத்த முறை அங்கே ஜாகிங் போகும்போது, பெயரை முழுசாகச் சொல்லுங்க.