‘நார்மல்’ என்னும் மயக்கம்: கைக்குழந்தைப் பருவப் புற்றுநோயும் சிறுநீரகமும்

பத்து மாதத்தில் புற்றுக்கட்டியால் ஒரு சிறுநீரகத்தை இழந்து, கீமோ முடித்து, இப்போது நான்கு வயதை எட்டிய ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். உயரம் 100 செ.மீ. பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 0.6. பக்கத்திலேயே பெரியவர்களுக்கான எல்லை: 0.6 முதல் 1.2 வரை. ‘நார்மல்’ என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். குழந்தைகளுக்கான ஷ்வார்ட்ஸ் சூத்திரப்படி உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 69. அந்த வயதில் அது 90க்கு மேல் இருக்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து பிறக்கும் கழிவு. ஆகவே சிகிச்சையில் தசை மெலிந்த பிள்ளைக்கு இந்த 69கூட மிகைக் கணக்காக இருக்கலாம்.

1899இல் மாக்ஸ் வில்ம்ஸ் விரிவாக எழுதிய இத்தகைய சிறுநீரகக் கட்டி இன்று அவர் பெயரையே தாங்குகிறது. வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் கருவில் 36 வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. எஞ்சியவை பருத்துக் கூடுதல் சுமை இழுக்கின்றன. அந்த மிகையுழைப்பே காலப்போக்கில் அவற்றைத் தழும்பாக்கக்கூடும் என்பது சிறுநீரக மருத்துவர் பிரென்னர் முன்வைத்த வாதம்.

இதைச் சொல்லி எல்லோரையும் அச்சுறுத்துவது தவறு. அமெரிக்க வில்ம்ஸ் கட்டி ஆய்வில், மரபுக் கோளாறு இன்றி ஒரு பக்கம் மட்டும் கட்டி வந்தவர்களில் 20 ஆண்டுகளில் சிறுநீரகம் செயலிழந்தோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. டெனிஸ்-டிராஷ் என்னும் மரபுக் கோளாறு இருந்தவர்களிலோ 74 விழுக்காடு! எனினும் செயலிழப்பு கடைசிப் படி. ரத்தக் கொதிப்பும் சிறுநீரில் புரதக் கசிவும் அதற்கு வெகு முன்பே, வலியின்றி வந்துவிடுகின்றன.

மருந்துகளின் கதை வேறு. ஐஃபாஸ்ஃபமைட் என்னும் கீமோ மருந்து உடலில் சிதையும்போது அக்ரோலீன் உண்டாகிச் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். மெஸ்னா என்னும் காப்பு மருந்து அதைத் தடுக்கிறது. அதே மருந்திலிருந்து பிறக்கும் குளோரோஅசிட்டால்டிஹைடு சிறுநீரகக் குழாய்களைத் தாக்குகிறது. அங்கே மெஸ்னாவின் காவல் போதாது. சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகி எலும்பு மென்மையாகிறது, கால் வளைகிறது. வைட்டமின் டி குறைவு என்று மட்டும் எண்ணிச் சொட்டு மருந்து கொடுத்தால் காரணம் கண்ணில் படாமலே போகும். ஐந்து வயதுக்குள் இம்மருந்தைப் பெற்றவர்களுக்கே ஆபத்து அதிகம்.

கைக்குழந்தைகளுக்கு வரும் இன்னொரு புற்றான நியூரோபிளாஸ்டோமா தண்டுவடத்தை அழுத்தினால், சிறுநீர்ப்பையின் நரம்பைக் கெடுத்துவிடக்கூடும். பை நிரம்பியது அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. எட்டு வயதிலும் துணி நனைவதைச் சோம்பல் என்று திட்டுவது கொடுமை. தேங்கிய சிறுநீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையே அரிக்கிறது.

சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு கடந்ததும் கண்காணிப்பை நிறுத்தும் வழக்கம் ஏற்கத்தக்கதல்ல. வேண்டுவன எளியவை: குழந்தையின் கைக்கு அளவான பட்டையால் ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின், உயரத்தோடு சேர்த்துப் பார்த்த கிரியாட்டினின். எந்த மருந்து, எவ்வளவு அளவு என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளை வளர்ந்து வேறு மருத்துவரிடம் போகும் நாளில் அந்தத் தாளும் கூடவே போகட்டும்.