பள்ளிவாசலில் தொடங்கிய நோயாளர் பணிவிடை

 

நம் சமுதாயம் மருத்துவ உதவி என்று பேசத் தொடங்கினால் முதலில் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வரும். அடுத்து இரத்ததானம். அதற்கடுத்து ஜனாஸா. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றில், பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய சடலங்களைத் தமிழகமெங்கும் நம் இளைஞர்கள் சுமந்து சென்றதையும், பிற சமயத்தாரை அவரவர் முறைப்படி அடக்கம் செய்யத் துணை நின்றதையும் நாடே கண்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நோயாளியை வாகனத்தில் ஏற்றுவதற்கும் கபருஸ்தானில் இறக்குவதற்கும் இடையில் ஒரு நெடிய காலம் இருக்கிறது. கட்டில் அருகே நின்று புண்ணைத் துடைத்து, மருந்து புகட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் காலம் அது. அந்தப் பணியில் நம்மவர் எத்தனை பேர் இருக்கின்றனர்? பேறுகாலத்தில் நம் பெண்களுக்குப் பெண் செவிலியரே வேண்டும் என்று வலியுறுத்துகின்றோம். அப்பணிக்கு உங்கள் மகளை அனுப்புங்கள் என்றால் மட்டும் மௌனமாகி விடுகின்றோம். இம்மௌனம் மார்க்கத்திலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தும் வந்ததா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், அகழ்ப்போர் நடைபெற்றது. அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்து இரத்தம் பெருகியது. நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டிற்கு அனுப்பவில்லை. தாம் அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக மஸ்ஜிதுந் நபவீயிலேயே கூடாரம் அடிக்கச் செய்தார்கள் என ஸஹீஹுல் புகாரீயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. காயமுற்றோருக்கு மருந்திட்டு வந்தவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. கவனிக்க யாருமற்ற முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதை அல்லாஹ்விடம் நற்கூலியை மட்டும் நாடி அவர் மேற்கொண்டிருந்தார் என்று ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் (ரஹ்) குறிப்பிடுகின்றார். மாலையிலும் காலையிலும் அவ்வழியே செல்லும் நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் நலம் விசாரித்துச் செல்வார்கள் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் வருகின்றது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இடம். தொழுகை நடைபெறும் பள்ளியின் உள்ளேயே, தொழுகைக்கு இடையூறு என்று எவரும் கருதாத வகையில், நோயாளர் கூடாரம் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஒரு பெண்மணி.

ருஃபைதா (ரலி) தனியொருவர் அல்லர். அறப்போர்களில் வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும், காயமடைந்தோரையும் ஷஹீதானோரையும் மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் ருபையிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் தாமே அறிவிக்கின்றார்கள். உஹதுப் போரில் அண்ணலாரின் முகத்தில் வழிந்த இரத்தம் தண்ணீரால் நிற்காதபோது, பாயின் துண்டை எரித்து அச்சாம்பலை வைத்து நிறுத்தியவர்கள் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள்.

உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் பெயரை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். நபி (ஸல்) அவர்களின் அருமை மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய ஹதீஸை அறிவித்தவர்கள் அவர்களே. பெண் மய்யித்தைக் குளிப்பாட்டும் நம் தாய்மார்களுக்கு அவர்களுடைய அறிவிப்பே முன்மாதிரி. அதே உம்மு அதிய்யா (ரலி), நபி (ஸல்) அவர்களுடன் ஏழு போர்களில் கலந்து கொண்டு, பாசறையில் உணவு சமைத்து, காயம்பட்டோருக்கு மருந்திட்டு, நோயுற்றோரைப் பராமரித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. இறந்தவரைத் தொட அவர்களிடம் கற்றுக்கொண்ட நாம், உயிரோடிருப்பவரைப் பேண ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மருத்துவம் செய்வது குறித்து இமாம் புகாரீ (ரஹ்) தனிப் பாடமே அமைத்துள்ளார்கள். அதற்கு விளக்கம் எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், நிர்ப்பந்தமான தேவையில் அது கூடும் என்றும், பார்வையும் தொடுதலும் அத்தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்துகின்றார்கள். எல்லை உண்டு, தடை இல்லை.

பிற்காலத்தில் இப்பணி வக்ஃபின் நிழலில் வளர்ந்தது. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கீ (ரஹ்) அவர்களும், 1284இல் கெய்ரோவில் ஸுல்தான் கலாவூனும் நிறுவிய மாரிஸ்தான்கள் புகழ்பெற்றவை. கெய்ரோவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும், அவரவர்க்குத் தனித்தனிப் பணியாளர்களும் இருந்தனர். கடைகளும் நிலங்களும் வக்ஃபு செய்யப்பட்டு, அவற்றின் வருமானத்தில் ஏழைகளுக்கு மருந்தும் உணவும் வழங்கப்பட்டன. நம் வக்ஃபுகளின் இன்றைய நிலையை இங்கு விரித்தால் கட்டுரை திசைமாறிவிடும்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுப் பெண்கள், முஸ்லிம்களாயினும் உயர்சாதி இந்துக்களாயினும், ஆண் மருத்துவரிடம் செல்வதில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேய மாது, இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. சென்னை மக்கள் வாயில் அது இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். கோஷா என்பது நம் பர்தா முறையைக் குறிக்கும் சொல். நம் பெண்களின் திரையை மதித்து அவ்வாறு பெயரிட்டுக் கட்டியவர்கள் பிறர் என்பதை எண்ணும்போது நன்றியும் வருகிறது, நாணமும் வருகிறது.

வேலூர் வரலாறு இதனினும் உருக்கமானது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள். 1890களின் தொடக்கத்தில் தாயாரின் உடல்நலக் குறைவால் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த ஓர் இரவில், பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டி மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் வந்தனர். தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போயினர். அம்மூவருள் ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம். அந்த இரவே தம்மை மருத்துவம் படிக்கத் தூண்டியதாக ஐடா அம்மையாரே பின்னாளில் எடுத்துரைத்தார்.

அந்த முஸ்லிம் சகோதரர் மார்க்கத்தைப் பேணியதாகவே எண்ணியிருப்பார். ஆனால் பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், உயிருக்கு ஆபத்தென்றால், கணவரோ மஹ்ரமோ உடனிருக்க ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்ப்பதற்கு ஃபிக்ஹில் அனுமதி இருக்கின்றது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஓர் ஆலிம் இல்லாமற் போனார் போலும். இது எம்போன்ற ஆலிம்களின் பொறுப்பைச் சேர்ந்தது என்பதால் இங்கு அழுத்திச் சொல்கின்றோம்.

ஐடா அம்மையார் அமெரிக்காவில் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவர் மட்டும் இருந்து பயனில்லை என்பதை விரைவில் உணர்ந்தார். 1909இல் அங்கு செவிலியர் பள்ளி பிறந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. இந்த முன்பின் வரிசையே ஒரு பாடம். 1946இல் அச்செவிலியர் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. நாட்டிலேயே செவிலியர் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியவற்றுள் அதுவும் ஒன்று. சமயப் பிரச்சாரம் அவர்களது நோக்கங்களுள் ஒன்றாக இருந்ததை மறைப்பதற்கில்லை. அதற்காக அவர்கள் விழித்த இரவுகளை இல்லையென்று ஆக்கிவிடவும் முடியாது.

அதே 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் வீதமே இருந்ததாகக் கணக்கிட்டது. இரத்தத்தையும் மலஜலத்தையும் தொடும் வேலை என்று உயர்சாதி இந்துக்கள் ஒதுங்கினர். பர்தாவைக் கூறி நாம் ஒதுங்கினோம். பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களே முன்வந்தனர். நம்மிலும் விதிவிலக்குகள் உண்டு. போபாலை ஆண்ட ஸுல்தான் ஜஹான் பேகம், தாமே பர்தா பேணிக்கொண்டு, தம் நாட்டு மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி கிடைக்க ஏற்பாடு செய்தார். தில்லி ஜாமிஆ ஹம்தர்து பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரி இன்று ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நம் திருப்பூருக்கு வருவோம். இந்நகரில் பின்னலாடைத் தொழிலுக்கு 1925 வாக்கில் வித்திட்டவர் குலாம் காதர் எனும் முஸ்லிம் வணிகர் என்றே தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அத்தொழிலில் இன்று நம் பெண்களும் உழைக்கின்றனர். பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்கு ஆர்டர் நேரத்தில் இரவு ஷிப்ட் வரை செல்கின்றனர். ஆண்களும் பெண்களும் ஏறும் கம்பெனி வேனில் வருகின்றனர். வறுமையால் செல்வோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு ஆட்சேபம் எழாத வீட்டில், நர்ஸிங் என்றவுடன் மட்டும் 'இரவு வேலை, ஆண்கள் இருக்கும் இடம், பிறகு மாப்பிள்ளை கிடைக்காது' என்ற பேச்சு எழுகின்றதே, அது மார்க்கப் பேச்சன்று. மாப்பிள்ளை வீட்டார் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களே அல்லவா?

ஆண் நோயாளிகளைப் பற்றிய தயக்கம் நியாயமானது. அதற்கு விடை நம் மகன்களும் செவிலியர் படிப்பில் சேர்வதே. ஆண் செவிலியருக்கு இங்கும் வளைகுடாவிலும் தேவை உண்டு.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கம்பெனிக்குச் சென்றபின் பக்கவாதத்தால் படுத்திருக்கும் முதியோர் தனித்திருக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் உள்ளன. புரட்டிப் படுக்க வைக்க ஆளின்றிப் படுக்கைப் புண் வருகின்றது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, பின்னர் முஸ்லிம்கள் மிகுந்த மலப்புரம் மாவட்டத்தில் ஊர்தோறும் பரவியது. அங்கு சாதாரண மக்களே பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடு வீடாகச் சென்று புண் கட்டுகின்றனர். சிறுகச் சிறுகத் திரட்டும் நன்கொடையில் அது நடக்கின்றது. எல்லாச் சமயத்தாரும் அதில் பங்கேற்கின்றனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நடப்பது இப்பால் நடவாதா?

திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்கி வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பாடத்துடன் தேறிய மாணவியர் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. ஜமாஅத்தின் கல்வி உதவி பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் கேட்கப்படுவதைப் போல இதற்கும் கேட்கப்பட வேண்டும். இவ்வாண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகிகள் இதனைப் பொருளாக எடுத்துக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஹிஜாபுடன் பயில அனுமதிக்கும் கல்லூரிகள் எவை என்று விசாரித்துப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் பொறுப்பை மக்தப் மதரஸாவின் சார்பில் நாம் ஏற்கின்றோம். ஜும்ஆவுக்குப் பின் வந்து கேட்கலாம்.