இரவை வென்ற அளவு

நோயிடம் தோற்றபோதெல்லாம் மனிதன் விதியின்மீது பழியைப் போட்டான். அப்படிப் பழி சுமத்தப்பட்ட நோய்களுள் ஒன்று நீரிழிவு. 1921ஆம் ஆண்டு வரையில், கணையம் அறவே செயலிழந்த சிறுவர்களுக்கு மருத்துவம் வைத்திருந்த ஒரே வழி பட்டினி! உணவைக் குறைத்துக் குறைத்து, உயிரைச் சில காலம் நீட்டி வைத்தனர். நோயால் சாவதா, பசியால் சாவதா? இதுவே அந்தப் பிஞ்சுகளின் முன் நின்ற கேள்வி.

1922 சனவரி 11. கனடா நாட்டு டொராண்டோ நகரின் மருத்துவமனை. 14 வயது லியோனார்டு தாம்சன் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். எடை 65 பவுண்டு. பாண்டிங்கும் பெஸ்ட்டும் மாட்டின் கணையத்திலிருந்து வடித்த சாற்றை அவனுக்கு ஊசி வழியே செலுத்துகின்றனர். பலன் இல்லை! மந்திரவாதியாக இருந்தால் தெய்வக் குற்றம் என்று கூறித் தப்பியிருப்பான். அறிவியலாளரோ சாற்றிலே குற்றம் தேடினர். காலிப் என்ற வேதியியல் அறிஞர் அதனைத் தூய்மைப்படுத்தினார். 23ஆம் நாள் மீண்டும் ஊசி. சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் எழுந்தான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

வெற்றி! ஆனால் பாதி வெற்றி. பகலை வென்ற மருந்து இரவிடம் தோற்றது. ஊசியின் ஆற்றல் சில மணி நேரமே நின்றது. உண்ணாத வேளையிலும், உறங்கும் வேளையிலும், ஈரல் சர்க்கரையைக் குருதியிலே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனை அடக்க, நலமுள்ள உடலில் கணையம் ஓயாது சிறிது சிறிதாக இன்சுலின் சுரக்கிறது. அந்த அடிப்படைச் சுரப்புக்கு ஈடு எங்கே?

டென்மார்க்கிலிருந்து வந்தது விடை. டிரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற பொருளை இன்சுலினோடு சேர்த்தார் ஹாகெடோர்ன். கரையத் தயங்கும் கலவை பிறந்தது. தோலுக்கடியில் தங்கி, மெல்ல மெல்லக் குருதியில் கலந்தது. ஆண்டு 1936. அதே ஆண்டு டொராண்டோவினர் துத்தநாகம் சேர்த்து அதன் ஆற்றலை ஒரு நாளுக்கும் மேலாக நீட்டினர். 1946இல் ஹாகெடோர்னின் ஆய்வுக்கூடமே என்.பி.எச். என்ற திருந்திய வகையை உருவாக்கியது.

அதிலும் குறை இருந்தது. செலுத்திய சில மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தை எட்டும். மாலையில் போட்ட ஊசி, நள்ளிரவில் சர்க்கரையை அளவுக்கு மீறி வீழ்த்தும். வியர்வை, நடுக்கம், சில வேளை மயக்கம்! 2000ஆம் ஆண்டில் கிளார்ஜின் வந்தது. அமிலக் கரைசலாக உள்ளே சென்று, தோலுக்கடியில் நுண்துகளாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பெரிய ஏற்ற இறக்கமின்றிக் கரைவது அதன் இயல்பு.

புதியது வந்ததும் பழையது பாழ் என்று முடிவு கட்டினரா? இல்லை, இரண்டையும் சோதனைக் களத்தில் நிறுத்தினர். 2003இல் வெளியான ஆய்வு அது. வளர்ந்தோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 756 பேர்; பாதிப்பேருக்குக் கிளார்ஜின், மீதிப்பேருக்கு என்.பி.எச். எல்லார்க்கும் தொடக்கம் படுக்கைக்குச் செல்லுமுன் 10 யூனிட். பின்னர் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து, அது 100 மில்லிகிராமுக்கு வரும்வரை, வாரந்தோறும் அளவைத் திருத்தினர். 24 வாரங்களின் முடிவில்? இரு சாராரிலும் நூற்றுக்கு 60 பேர் அளவில் இலக்கை எட்டினர்! இரவுத் தாழ்சர்க்கரை மட்டும் கிளார்ஜின் பெற்றோர்க்குக் குறைவு.

இது கற்பிக்கும் பாடம் என்ன? புதிய மருந்து இரவின் ஆபத்தைக் குறைத்தது. இலக்கை எட்ட வைத்ததோ, அளந்து திருத்திய முறை! இன்றும் இரண்டாம் வகையினர்க்கு மருத்துவர்கள் வகுக்கும் வழி அதுவே: 10 யூனிட் அல்லது எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் என்று தொடங்கி, காலைச் சர்க்கரை கூறும் சான்றின்படி சில நாளுக்கொருமுறை 2 யூனிட் உயர்த்துவது, தாழ்ந்தால் குறைப்பது. கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை அடங்காவிடில், மேலும் மேலும் ஏற்றாமல், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையா காரணம் என்று ஆராய்வது.

நண்பர்களே! "இன்று விரதம், ஊசி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. வேரும் விபூதியும் போதுமென்று இன்சுலினைக் கைவிடுவோர் உண்டு. கணையம் முற்றும் ஓய்ந்த முதல் வகை நோயாளிக்கு அது சாவுக்கு விடும் அழைப்பு! வயிறு விரதமிருக்கலாம், ஈரல் விரதமிருப்பதில்லை. விரத நாளில் அளவை மாற்றவேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியட்டும்; ஊசியைத் தாமே நிறுத்த வேண்டாம். இதனை வீடுதோறும் எடுத்துக் கூறுங்கள். தலையெழுத்தைப் படித்தவர் எவருமில்லை. காலைக் குருதி காட்டும் எண்ணை எவரும் படிக்கலாம். படிப்போம், திருத்துவோம், வாழ்வோம்!