செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி டவுன் ஆன காரும் அந்த முதல் 10 நிமிடங்களும்!

காலை 5.40 மணி. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். 7 மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அப்பா முன் சீட்டில் ரெடி. சாவியைத் திருப்பினால், 'டக்... டக்... டக்...' அவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரி அதே ஃபைலைக் காருக்குள் தேடும்போது போட்ட உள் விளக்கை நான் அணைக்கவே இல்லை.

"என்னம்மா, செல்ஃப் எடுக்கலையா? தள்ளிப் பார்ப்போம்" என்று பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். தெருமுனை வரை தள்ளினோம். திரும்பவும் தள்ளினோம். எங்கள் கார் ஆட்டோமேட்டிக், தள்ளினால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது என்பது, அரை மணி நேரமும் மொத்த சட்டையும் நனைந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.25. அப்பாவின் பெயர் லிஸ்ட்டில் கடைசிக்குப் போய்விட்டது. அப்பா எதுவும் சொல்லவில்லை. "முதல்லயே ஆட்டோ பிடிச்சிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பேட்டரி டவுன் ஆவது எல்லா காருக்கும் வரும் பிரச்னை. அவசரத்தில் நாம் செய்யும் தப்புகள்தான் அதைப் பெரிதாக்குகின்றன. அதனால், நேரம் இல்லாதபோது என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

கார் கிளம்பணுமா... நீங்க கிளம்பணுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ரயில், விமானம், இன்டர்வியூ, மருத்துவமனை என்று தள்ளிப்போட முடியாத வேலை என்றால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே போனை எடுத்து ஆட்டோவோ டாக்ஸியோ புக் செய்துவிடுங்கள். வண்டி வர 8 நிமிடம் காட்டுகிறதா? அந்த 8 நிமிடம்தான் காரைச் சரிசெய்ய உங்களுக்கு இருக்கும் நேரம். அதற்குள் கார் ஸ்டார்ட் ஆனால் புக்கிங்கை கேன்சல் செய்துகொள்ளலாம். கேன்சல் சார்ஜ் வந்தாலும், தவறவிட்ட ரயில் டிக்கெட்டை விட அது குறைவுதான். ஆகவில்லையா? காரைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். டவுன் ஆன பேட்டரி சாயந்திரம் வரை அப்படியே காத்திருக்கும்.

பேட்டரிதானா? ஒரு நிமிட செக்!

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமே பாதி கதையைச் சொல்லிவிடும்.

* 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றன: பேட்டரியில் சார்ஜ் குறைவு.
* எந்தச் சத்தமும் இல்லை, எந்த விளக்கும் இல்லை: பேட்டரி முழுசாகக் காலி, அல்லது டெர்மினல் லூஸ்.
* விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஒரே ஒரு 'டக்' மட்டும்: ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பிரச்னை இருக்கலாம்.
* இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை: இது பேட்டரி இல்லை. எரிபொருள் அல்லது இக்னிஷன் பக்கம் பாருங்கள். பெட்ரோல் இருக்கிறதா என்பதையும்தான்!

பதற்றத்தில் மறந்துபோகும் விஷயங்களும் உண்டு. ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும். பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். பல மேனுவல் கார்களில் கிளட்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பட்டன் ஸ்டார்ட் காரில், 'சாவி இல்லை' என்று திரையில் வந்தால் டவுன் ஆனது காரின் பேட்டரி அல்ல, சாவிக்குள் இருக்கும் குட்டி பேட்டரி. பல கார்களில் அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வண்டி எடுத்துக்கொள்ளும்.

ரிமோட்டில் கதவே திறக்கவில்லையா? ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி எடுத்து டிரைவர் கதவைத் திறக்கலாம்.

டூல்ஸ் இல்லாமல் 2 நிமிட முயற்சி

ஏசி, ஹெட்லைட், மியூசிக், சார்ஜரில் இருக்கும் போன் என எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். டெர்மினல்களைக் கையால் லேசாக அசைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் உங்கள் பிரச்னை அநேகமாக அதுதான். பல கார்களில் ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும், டைட் செய்துவிடலாம். அப்போது ஸ்பேனர் ஒரே நேரத்தில் பிளஸ் டெர்மினலையும் காரின் இரும்புப் பகுதியையும் தொட்டுவிடக் கூடாது, தீப்பொறி பறக்கும்.

டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கரன்ட் சரியாகப் போகாது. அவசரத்துக்கு, டெர்மினலைக் கொஞ்சம் திருகி, தேய்த்து உட்காரவைத்தாலே சில நேரம் வேலை செய்யும். அந்தப் பொடி கையில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாவகாசமாக இருக்கும்போது டெர்மினல்களைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

இப்போது ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். 5 செகண்டுக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். மறுபடி மறுபடி முயன்றால் மிச்சம் இருக்கும் சார்ஜும் போய்விடும்.

முக்கியமாக, பேட்டரி உப்பியிருந்தாலோ, ஆசிட் கசிந்தாலோ, அழுகின முட்டை நாற்றம் அடித்தாலோ கைவைக்காதீர்கள். ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம். மெக்கானிக்தான் வர வேண்டும்.

ஜம்ப் ஸ்டார்ட்: இந்த வரிசை மாறவே கூடாது!

ஜம்பர் கேபிளும் இன்னொரு காரும் கிடைத்தால் 10 நிமிட வேலை இது. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் ஆஃப் செய்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. பிறகு...

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, டவுன் ஆன பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை, டவுன் ஆன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில். டவுன் ஆன பேட்டரியின் மைனஸில் அல்ல!
5. நல்ல காரை ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் ஓடவிடுங்கள்.
6. இப்போது உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் இன்னும் சில நிமிடம் விட்டு முயலுங்கள்.
7. ஸ்டார்ட் ஆனதும், மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள். 4-ல் மாட்டியதை முதலில், 1-ல் மாட்டியதைக் கடைசியில்.

கறுப்பின் கடைசி முனையை ஏன் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள்? கடைசி இணைப்பில் சின்னதாகத் தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. அதனால்தான் தீப்பொறியைப் பேட்டரியிலிருந்து தள்ளி வைக்கிறோம்.

பிளஸ்ஸும் மைனஸும் மாறினால்? ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். ஆல்டர்னேட்டர், காரின் மூளையான ஈசியூ வரை போகலாம். 10 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் பில் வரும். பேட்டரி மேல் இருக்கும் + மற்றும் - குறிகளைப் போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

இன்னும் இரண்டு 'நோ'. தெருவில் நிற்கும் லாரியிடம் உதவி கேட்காதீர்கள். பெரும்பாலான லாரி, பஸ்களில் இருப்பது 24 வோல்ட், நம் காருக்கு 12 வோல்ட்தான். பைக் பேட்டரியும் 12 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் கார் இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது. அதேபோல, எலெக்ட்ரிக் அல்லது ஹைபிரிட் காரிலிருந்து கரன்ட் எடுக்கும் முன், அதன் மேனுவலில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

'தள்ளு தள்ளு' யாருக்கு ஓகே?

மேனுவல் கியர் காருக்கு மட்டும். அதிலும் டேஷ்போர்டு விளக்காவது எரிய வேண்டும். இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் இயங்கவே கரன்ட் வேண்டும். சுத்தமாகக் காலியான பேட்டரியோடு எவ்வளவு தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை.

இக்னிஷனை ஆன் செய்து, கிளட்சை முழுசாக மிதித்து, செகண்ட் கியரில் வையுங்கள். வண்டி நன்றாக உருள ஆரம்பித்ததும் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் பிடித்ததும் மறுபடி கிளட்சை மிதித்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, பிரேக்கும் கல்லு மாதிரி இருக்கும். அதனால் சரிவிலும் டிராஃபிக்கிலும் இந்த வேலை வேண்டாம். தள்ளுபவர்கள் பம்பருக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்து ஓட்டுங்கள்.

ஏஎம்டி, சிவிடி, டிசிடி என எந்தப் பெயரில் இருந்தாலும் ஆட்டோமேட்டிக் என்றால் தள்ளுவது வீண். என் அனுபவத்தில் சொல்கிறேன், நம்புங்கள்!

யாருக்கு போன் போடுவது?

உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' அதில் சேர்ந்திருக்கலாம். பலர் அதற்குப் பணம் கட்டியதே தெரியாமல் இருப்பார்கள். கார் கம்பெனியும் வாரன்டி காலத்தில் இந்தச் சேவையைத் தருவதுண்டு. இரண்டு நம்பரையும் இன்றைக்கே போனில் சேமித்துவிடுங்கள். பேட்டரி கடைகள் பலவும் வீட்டுக்கே வந்து டெஸ்ட் செய்து, தேவைப்பட்டால் புதுசு மாட்டிக் கொடுக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033. இரவில் தனியாக, பாதுகாப்பில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் தயங்காமல் 112.

ஸ்டார்ட் ஆயிடுச்சு... இனிமேதான் கவனம்!

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 15 நிமிடம் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்க்கில் ஆஃப் செய்வார்கள். மறுபடி 'டக் டக்'! ஜம்ப் ஸ்டார்ட் பேட்டரியை நிரப்பாது, இன்ஜினை எழுப்பிவிடும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதுவும் இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யத்தான் போதும். முழு சார்ஜ் ஏற பல மணி நேரம் ஆகும். அதனால் போய்ச்சேரும் இடத்தில் மெக்கானிக் கிடைக்கிற மாதிரி பார்த்து நிறுத்துங்கள். முடிந்தால் அன்று ராத்திரியே பேட்டரியைக் கடையில் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

ஓடும்போதே டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ பழுதாகியிருக்கலாம். பேட்டரியை மாற்றுவதால் அது தீராது.

மறுபடி நடக்காம இருக்க...

குளிர் நாடுகளில் பேட்டரி பனியில் படுத்துக்கொள்ளும். நம் ஊரில் அதன் ஆயுளைத் தின்பது வெயில். சாதாரணமாக 3 முதல் 5 வருடம் வரும். 3 வருடம் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். என் கதையில் குற்றவாளி அந்தச் சின்ன விளக்கு மட்டுமல்ல; பேட்டரிக்கு வயது 4. புதுசாக இருந்திருந்தால் ஒரு ராத்திரியைத் தாங்கியிருக்கும்.

சின்ன மல்ட்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சில மணி நேரம் சும்மா நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் எப்போது வேண்டுமானாலும் காலை வாரலாம். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆட்கள் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். வாசலிலேயே 5 நிமிடம் ஐடிலிங்கில் விடுவது போதாது. பார்க்கிங்கிலும் ரெக்கார்டு செய்யும் டேஷ்கேம் இருந்தால், அது ராத்திரி முழுக்கக் கரன்ட் குடிக்கும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். வீட்டு ஆர்ஓ தண்ணீர் வேண்டாம்.

புதுசு வாங்கும்போது பழசைக் கடையில் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் விலை உண்டு. உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருப்பதால் அதைக் குப்பையில் போடவே கூடாது. சிக்னலில் தானாக ஆஃப் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார் என்றால், அதற்கென்று இருக்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரியையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பேட்டரி அதில் சீக்கிரம் செத்துவிடும்.

டிக்கியில் இருக்கட்டும்!

* தடிமனான ஜம்பர் கேபிள் ஒரு செட். மெலிசான மலிவு கேபிள் சூடாகிவிடும்.
* 10-ம் நம்பர் ஸ்பேனர், ரப்பர் கையுறை, சின்ன டார்ச்.
* அடிக்கடி தனியாக ஓட்டுபவர் என்றால், பவர் பேங்க் மாதிரி இருக்கும் போர்ட்டபிள் ஜம்ப் ஸ்டார்ட்டர். இன்னொரு கார் தேவையே இல்லை. ஆனால் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் நிரந்தரமாக விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

ஒரு மாதம் கழித்து அப்பாவுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன். முந்தின நாள் சாயந்திரமே காரை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். உள் விளக்கு அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை செக் செய்தேன். காலையில் ஒரே செல்ஃபில் எடுத்தது. 6.40-க்கெல்லாம் மருத்துவமனையில் இருந்தோம். "இவ்ளோ சீக்கிரம் வந்து என்னம்மா பண்றது?" என்றார் அப்பா. கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தேன்!