பூட்டிய வித்தையும் திறந்த பட்டறையும்

வித்தையைப் பூட்டி வைத்தால் பிழைக்குமா, பகிர்ந்தால் பிழைக்குமா?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொம்மலாட்டம் குடும்பத் தொழில். எந்தக் கயிற்றை எங்கே கட்டுவது என்பது வெளியாருக்குத் தெரியாத இரகசியம். சினிமா வந்ததும் பல குடும்பங்கள் தொழிலைக் கைவிட்டன. இரகசியமும் அவர்களோடு மறையத் தொடங்கியது.

1923இல் ஓவியர் வான்ஸ்லா, பொம்மை மேடை அமைப்பதை விளக்கிப் புத்தகம் எழுதினார். வாசித்த ஆர்வலர்கள் திரண்டனர். 1925இல் பிரிட்டிஷ் பொம்மலாட்டச் சங்கம் பிறந்தது. பொழுதுபோக்காகப் பொம்மை செய்தவர்கள் கலையைக் காப்பாற்றினார்கள்.

இங்கும் 2001இல் மறைந்த கிளந்தான் வாயாங் கூலிட் கலைஞர் ஹம்சா அவாங் அமாட், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஏதேனும் கைத்தொழில் தெரியுமா? இந்த வாரமே அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.